இராஜபாளையத்தில் வீடு பார்த்தோம்

ஆரணியை விட்டு இவ்வளவு தெற்கே நான் வந்ததே இல்லை. ரைஸ் மில்லில் களம் பார்க்கிற ஆளுக்கு ஊர் சுற்ற நேரம் ஏது? அவித்த நெல் களத்துக்கு வரும், பரப்புவோம், காலால் கிளறுவோம், மழை வந்தால் ஓடிப்போய் மூடுவோம். இருபத்தெட்டு வருடம் இப்படியே போய்விட்டது. இப்போது கிளம்பியது என் மகள் அமுதாவுக்காக.

அமுதா மதுரையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக அங்கே வந்திருந்த இராஜபாளையத்துக்காரர் ஒருவரை அவளுக்குப் பிடித்துவிட்டது. பெயர் சுந்தர். எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் வீட்டை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். என் மனைவிக்குக் காலில் மாவுக்கட்டு. அதனால் அக்காவும் அவள் வீட்டுக்காரரான மாமாவும் நானும் கிளம்பினோம். மாமாவின் பழைய காரை மாமாவே ஓட்டினார்.

கிளம்புவதற்கு முதல் நாள் அமுதா போனில் ஒன்று சொன்னாள். "அப்பா, அவருக்குச் சொந்த வீடு கெடையாது. அந்த ஊர்ல பழைய பஞ்சு வியாபாரி ஒருத்தரோட பெரிய வீடு, இப்ப மியூசியமா வச்சிருக்காங்க. அதப் பாத்துக்கறதுதான் அவரு வேலை. பின்னாடி ரெண்டு ரூம்ல அவரும் அவங்க அம்மாவும் இருக்காங்க. அத்தகிட்ட நீயே பக்குவமா சொல்லிடுப்பா."

"சரிம்மா" என்றேன். அக்காவிடம் சொல்லவில்லை.

அக்காவை அறிந்தவர்களுக்குக் காரணம் புரியும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஏழு வாடகை வீடு மாறினோம். ஒரு தடவை வீட்டுக்காரர் எங்கள் பாத்திரங்களைத் தெருவில் எடுத்து வைத்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் அக்காதான், அதைப் பார்த்தவளும் அவள்தான். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சு, சொந்த வீடு இல்லாத இடத்தில் பெண் கொடுக்கக் கூடாது. அமுதாவுக்கு வந்த இரண்டு வரன்களை அந்த ஒரு கேள்வியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் அவள் வேண்டாம் என்றது எதுவும் நடந்ததில்லை. நான் எதிர்த்துப் பேசியதும் இல்லை. இந்த முறை நேரில் பார்க்கத்தானே போகிறோம் என்று அவள் வீட்டைப் பற்றி முன்கூட்டிக் கேட்கவில்லை.

முதல் நாள் முழுக்கப் பயணம். தெற்கே போகப் போக மண் கறுத்தது. டீக்கடைகளில் பேச்சு மாறியது. நாங்கள் "எம்மாம்" என்று சொன்னால் அவர்கள் "எம்புட்டு" என்றார்கள். ஒரு கடையில் எண்ணெயில் பொரித்த பரோட்டா தந்தார்கள். அப்பளம்போல நொறுங்கியது. மாமா மூன்று சாப்பிட்டுவிட்டு, "இத மின்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்" என்று வருத்தப்பட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் காரின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. மாமா இறங்கி மூடியைத் தூக்கினார். சோறு பொங்கி வழிவதுபோல் சத்தம் வந்தது. பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு நடந்து வந்தார்.

"ரேடியேட்டர் ஓஸ் வெடிச்சிருக்கு அண்ணாச்சி. இந்தப் பழைய மாடலுக்கு ஓஸ் நாளைக்கு மத்தியானந்தான் வரும். அதுவரைக்கும் ஒரு கட்டுப் போட்டு விடுதேன்."

அவர் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதற்குமேல் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துச் சுற்றிக் கம்பியால் முறுக்கினார். மாமா குனிந்து பார்த்தார்.

"இன்னாப்பா, ஆஸ்பத்திரில போடற கட்டாட்டம் இருக்குது?"

"அதேதான் அண்ணாச்சி. பக்கத்துல இராஜபாளையத்துல தெருவுக்குத் தெரு பேண்டேஜ் தறி. எங்களுக்கு வண்டிக்கும் இதான், மனுசனுக்கும் இதான்."

அவர் வேலை பார்க்கும்போது அக்காவும் நானும் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று பட்டது.

"அக்கா, அந்தப் பையன் வீடு..."

"இன்னா வீடு?"

"பழைய வீடாம்."

"பழசா இருந்தா இன்னாடா? பழைய வீடுதான் கெட்டியா இருக்கும்."

"ரொம்பப் பெரிய வீடாம்."

"பெரிசா இருந்தா வாணாம்னா சொல்லப் போறன்?"

நான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். அதோடு என் பேச்சு முடிந்துவிட்டது.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லாட்ஜில் தங்கினோம். மறுநாள் விடிந்ததும் அக்கா ஆண்டாள் கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். கல்யாணத்துக்கு வேண்டிக்கொள்ள இதைவிடப் பெரிய இடம் கிடையாதாம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததில் என் கழுத்து வலித்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியைத் தினமும் இலைகளாலேயே புதிதாகச் செய்வார்கள் என்று சொன்னார். ஒரு நாளைக்கு மட்டும் இருக்கப்போகிற கிளிக்கு மூக்கும் இறக்கையும் எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே பூக்காரம்மா அக்காவிடம், "பொண்ணுக்கா, பையனுக்கா?" என்று கேட்டார்.

"என் தம்பி பொண்ணுக்கு. மாப்பிள்ள வீடு பாக்க வந்துருக்கறம்."

"அப்பச் சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீக. ஆண்டாளே மாப்பிள்ளையத் தானாப் பாத்துக்கிட்டவதான. பெத்தவுக பேச்சையா கேட்டா?"

அக்காவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. பூவை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தாள். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

தெரு முழுக்கப் பால்கோவாக் கடைகள். ஒரு கடையில் இளஞ்சூடாக எடுத்துக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்து ஆற்காடு மக்கன் பேடா வாயில் வைத்ததும் ஜீராவாக வழியும். இது அப்படியில்லை. மணல் மணலாக இருந்து மெதுவாகக் கரைந்தது. மாமா இரண்டையும் ஒப்பிட்டு நெடுநேரம் பேசினார். என் பங்கையும் நான் அவரிடமே கொடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு மணி நேரத்தில் அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

இராஜபாளையம் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். மேற்கே மலை கூடவே வந்தது. நூல் மில் வாசலில் ஷிப்ட் முடிந்து பெண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். தள்ளுவண்டிகளில் மாம்பழம். சந்துகளுக்குள் தறிச் சத்தம் இடைவிடாமல் கேட்டது. மாமா எங்களை அந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, ஓஸ் வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று காரைத் திருப்பிக்கொண்டு மெக்கானிக்கிடம் போய்விட்டார்.

வீட்டைப் பார்த்து நானே மலைத்துப் போனேன். தெருவின் பாதிக்கு அது ஒன்றேதான். மரக்கதவு யானை நுழையும் உயரம். பக்கச் சுவரில் ஒரு போர்டு இருந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டாள். நான் போர்டைப் படித்தேன். படித்துவிட்டுச் சும்மா நின்றேன்.

சுந்தரின் அம்மா ராமலட்சுமி வாசலுக்கே வந்துவிட்டார். மெலிந்த உடம்பு, புதுச்சேலை இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தது. "வாங்க மதினி, வாங்கண்ணே. இப்படி முன்வாசல் வழியாவே வாங்க" என்றார். அவர்கள் குடியிருக்கும் அறைகளுக்குப் பின்பக்கச் சந்து வழியாகத்தான் பாதை என்றும், சம்பந்தம் பேச வருகிறவர்களைச் சாக்கடை தாண்டி அழைத்துப் போகக் கூடாது என்று அன்றைக்காகக் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார் என்றும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உள்ளே போனதும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. வீடு பார்ப்பதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. முதலில் தூணைத் தட்டுவாள். தட்டினாள். "தேக்கு" என்றாள் என்னிடம், காதோடு. பிறகு சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நெல் கொட்டும் குதிருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எத்தினி பேருக்குப் பாகம்?" என்று கேட்டாள்.

"பாகமெல்லாம் எப்பவோ பிரிச்சிட்டாக மதினி. அவியெல்லாம் மெட்ராசு, அமெரிக்கான்னு போயிட்டாக. இப்ப இங்க நாங்க ரெண்டு பேருதான்."

"இம்மாம் பெரிய வீட்ட நீங்க ரெண்டு பேரேவா பெருக்கித் தொடைக்கிறீங்க?"

"பொறவு யாரு மதினி? தெனமும் எம்மகன் விடியமுன்ன எந்திரிச்சிருவான்."

ஒரு அறையில் செதுக்கு வேலை செய்த நாற்காலிகள். குறுக்கே சிவப்புக் கயிறு. "இன்னாத்துக்குக் கயிறு கட்டி வச்சிருக்கிறீங்க?" என்றாள் அக்கா.

"யாரும் உக்காந்துறக் கூடாதுல்ல."

அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். எவ்வளவு பொறுப்பான ஆட்கள் பார் என்று அர்த்தம். அடுத்த அறையில் கண்ணாடி அலமாரி நிறையக் குடைகள். தந்தப்பிடி, வெள்ளிப்பிடி, பிரம்புப்பிடி. "குடைக்கே ஒரு ரூமாடா!" என்று அவள் வியந்தபோதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

அப்போது சுந்தர் சாவிக்கொத்தோடு வந்து கும்பிட்டார். என்னைப்போலவே கண்ணைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற ஆள். ஆனால் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கூச்சம் போய்விட்டது. வடக்கு ஜன்னலடியில் இருந்த ஒரு மேசையைக் காட்டினார். பஞ்சு விலை பேசும் மேசையாம். ஒரு துணுக்குப் பஞ்சை எடுத்து இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே பிடித்து இழுத்தார். மறுபடி அடுக்கி மறுபடி இழுத்தார். கடைசியில் ஒரு மெல்லிய இழைக்கற்றை மட்டும் விரலில் நின்றது. "இதோட நீளத்தப் பாத்துத்தான் அந்தக் காலத்துல விலை சொல்வாக. வெயில் நேரா விழுந்தா கண்ணு ஏமாத்தும், அதான் வடக்கு ஜன்னல்" என்றார். நெல்லைக் கடித்துப் பார்த்து ஈரம் சொல்கிறவன் நான். அந்தக் கை வேலை எனக்குப் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் வாசல் வழியாக உள்ளே வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். நேராகக் கூடத்துக்கு வந்து தூணைப் படம் எடுத்தார்கள்.

அக்கா இடுப்பில் கையை வைத்தாள். "யாருங்க நீங்க? அடுத்தவங்க வூட்டுக்குள்ள உங்க பாட்டுக்கு வர்றீங்க? கொரல் குடுத்துட்டு வரத் தெரியாது?"

அந்த மனிதர் பதறிப்போய் மலையாளத்தில் ஏதோ சொன்னார். "டிக்கெட்" என்ற ஒரு சொல்தான் எங்களுக்குப் புரிந்தது. சட்டைப்பையிலிருந்து நான்கு சீட்டுகளை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

அக்கா சீட்டைப் பார்த்தாள். சுந்தரின் சாவிக்கொத்தைப் பார்த்தாள். கயிறு கட்டிய நாற்காலிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"ரெண்டு நாளா பக்கத்துலயே உக்காந்துகினு வந்தியேடா, ஏழுமலை."

ராமலட்சுமிக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "ஐயோ மதினி, நீங்க எங்க வீடுன்னா நெனச்சீக? நாங்க ஒளிச்சு எதுவும் சொல்லலையே" என்றார். தப்பு முழுக்க என்னுடையது.

அக்கா சுந்தரிடம் நேராகக் கேட்டாள். "நாளைக்கே உன்ன காலி பண்ணுன்னு சொன்னா?"

"பண்ணணும்த்தை. ரெண்டு மாசம் முன்னாடி சொல்வாக, அம்புட்டுதான். எனக்கு எலக்ட்ரிக் வேலையும் தெரியும். பொழச்சுக்கிடுவேன். ஆனா வீடு இருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அக்கா வாசலுக்குப் போய்விட்டாள். மாமா வந்ததும் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம்.

ராமலட்சுமி என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனார். இரண்டே அறைகள். ஒன்றில் அடுப்பு. இன்னொன்றில் ஒரு கட்டில், ஜன்னலடியில் அடுக்கடுக்காக மடித்து வைத்த, காயத்துக்குக் கட்டுப் போடும் காஸ் துணி. பேண்டேஜ் கம்பெனிக்காக வீட்டிலேயே மடித்துக் கொடுக்கிறாராம். தரையில் மூன்று வாழை இலை போட்டிருந்தது. கோழிக்குழம்பு வாசனை வந்தது. மாங்காய்ப் பச்சடியும் இருந்தது. அவர் சாப்பிடச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் ஒரு வாய் சோறு சாப்பிடக் கூடாது. வடக்கே எங்கள் ஊரிலும் தெற்கே இந்த ஊரிலும் அது ஒன்றுதான்.

"செத்த நேரம் உக்காருங்கண்ணே. தண்ணியாச்சும் குடிங்க" என்றார். தண்ணீரையும் நான் கையில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது காற்று திரும்பியது. மேற்கேயிருந்து ஈரமண் வாசனை வந்தது. என் உடம்பு நான் நினைப்பதற்கு முன்பே எழுந்துவிட்டது. "மழை" என்றேன். அதற்குள் சுந்தர் பெரிய வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தார். நானும் பின்னால் ஓடினேன். அவர் மேற்குப் பக்கம் போனார், நான் வடக்குப் பக்கம். எத்தனை ஜன்னல் என்று எண்ணவில்லை. ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். பஞ்சு மேசை மேல் இரண்டு சொட்டு விழுந்திருந்தது. என் துண்டால் ஒற்றி எடுத்தேன். திரும்பினால் சுந்தர் வாசல்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் மூச்சு வாங்கியது. அந்த மலையாளக் குடும்பத்துப் பெண்கள் எங்களைப் படம் எடுத்தார்கள்.

பின்பக்கம் வந்தபோது ராமலட்சுமி காஸ் துணியைக் கட்டில் மேல் பரப்பிக்கொண்டிருந்தார். பாதி நனைந்துவிட்டது. அவர்களுடைய ஜன்னல் கொக்கி காற்றில் கழன்று கதவு திறந்துகொண்டதாம். அவர் குழம்பை இறக்கிவிட்டு வருவதற்குள் சாரல் உள்ளே அடித்துவிட்டது.

"எப்பவும் இப்படித்தான்ணே. ஊருக்கெல்லாம் சாத்திட்டு எங்க ஜன்னலுக்குக் கடைசியாத்தான் வருவான்" என்றார் சிரித்துக்கொண்டே. சுந்தர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளியின் நெல்லை மூடிவிட்டு நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் மனைவி ஒழுகும் இடத்தில் அண்டாவை வைத்துவிட்டு, கைக்குழந்தை அமுதாவை மடியில் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளும் திட்டியதில்லை. ஆனால் அந்த முகம் எனக்கு நினைவிருக்கிறது. இந்த மனிதனுக்குக் கொடுத்தால் என் மகளுக்கு எப்படிப்பட்ட நாட்கள் வரும் என்று எனக்குத் தெரியும். இவர் சொன்ன சொல்லைச் சந்தேகப்பட வேண்டிய நாள் வராது என்பதும் தெரியும். என் மனைவி ஒரு நாளும் என் வார்த்தையைச் சந்தேகப்பட்டதில்லை.

"தம்பி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இனிமே மழ வந்தா மொதல்ல உங்க ஜன்னலச் சாத்துங்க. அப்புறம் அந்த வீட்டுக்கு ஓடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சரிங்க மாமா" என்றார். ஐயா என்றுதான் அதுவரை கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் முற்றத்துக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து இலை முன்னால் உட்கார்ந்தேன். ராமலட்சுமி சோறு வைத்தார். குழம்பு ஊற்றினார். முதல் கவளத்தை எடுக்கும்போது அக்கா உள்ளே வந்தாள். வாசலின் மேல்கூரை அந்த மழைக்குப் போதவில்லை. தலையோடு நனைந்திருந்தாள்.

"அம்புட்டுக் குடை இருந்தும் ஒண்ணத் தொட முடியலயே மதினி" என்று ராமலட்சுமி ஒரு பேண்டேஜ் துணியை எடுத்து அவள் தலையைத் துவட்டப் போனார். அக்கா தடுக்கவில்லை. அவள் பார்வை என் கையில் இருந்தது.

"இன்னாடா பண்ற?"

"சாப்பிடறன்க்கா."

நான் அவளிடம் கேட்காமல் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். அவள் அந்த இரண்டு அறைகளையும் தன் முறைப்படி பார்க்க ஆரம்பித்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்தாள். மூடி வைத்த தண்ணீர்க் குடத்தைத் திறந்து பார்த்தாள். அடுப்புமேடையை விரலால் தடவினாள். நனைந்த துணியைத் தொட்டாள். கடைசியில் ஜன்னலிடம் போய்க் கொக்கியைப் போட்டு இழுத்தாள். கழன்றது. மறுபடி போட்டு இழுத்தாள். மறுபடி கழன்றது.

"இங்க வா" என்றாள் சுந்தரிடம். அவர் பயந்துகொண்டே போனார்.

"பொண்ணு வர்றதுக்குள்ள இந்தக் கொக்கிய மாத்திடு."

நான் இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. கொஞ்சம் ரசம் கேட்டேன்.